ப்ளே தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டுவதற்கு முன்

குழந்தைகளோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆலோசகர்களுக்கு,

உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்துவிட்டு, பள்ளியிலும் தனியார் மையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் குழந்தைகளோடு வேலை செய்துகொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து ப்ளே தெரபி சான்றிதழ் வாங்கி வந்திருப்பவர்களுக்கும், அடுத்து எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் குறிப்பாக எழுதுகிறேன். உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. வாயே திறக்காத ஓர் ஆறு வயதுக் குழந்தை எதிரில் உட்கார்ந்திருக்க, கல்லூரியில் படித்த எதுவும் கைகொடுக்காமல் போன ஒரு மதிய வேளைதான் உங்களில் பலரை அந்தப் பயிலரங்குக்கு அனுப்பியிருக்கும்.

எந்தப் பயிற்சியில் சேர்வதானாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: நான் ஒரு குழந்தையோடு வேலை செய்வதை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் பார்ப்பார்கள்? எத்தனை மணி நேர வகுப்பு, எந்த நாட்டு முத்திரை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் கிடைப்பது வகுப்பில் உட்கார்ந்ததற்கான ரசீது. அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு குழந்தைகளைக் கூப்பிடக் கூடாது என்பதே என் வாதம்.

சட்டம் இதில் நமக்கு உதவவில்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்கீழ் மருத்துவ உளவியலாளர்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பதிவு செய்துகொள்கிறார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைப் பெயர் சொல்லி விளக்குகிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்கள், ஆலோசகர்கள் எனப் பலரையும் பதிவேட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. விளையாட்டுச் சிகிச்சைக்கென்று தனி உரிமம் இந்த நாட்டில் இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்; மாட்டுகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தின் வாசலைப் பாருங்கள். 'ஓ.டி., ஸ்பீச், ஸ்பெஷல் எஜுகேஷன், ப்ளே தெரபி' என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கும். உள்ளே போனால், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பொம்மைகளை வைத்து நிறமும் எண்ணும், முறை வைத்து விளையாடுவதும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. மருத்துவமனை வார்டில் ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையிடம் பொம்மைக்கு ஊசி போடச் சொல்லிப் பழக்குவதும் அப்படித்தான். இவற்றைச் செய்கிறவர்களுக்கு அவற்றுக்குரிய பெயரும் மரியாதையும் இருக்கட்டும். மனக்காயத்தோடு வரும் குழந்தைக்கு விளையாட்டின் வழியே சிகிச்சை அளிப்பது வேறு வேலை, அதற்கான பழக்கமும் வேறு.

வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எழுதிய 'ப்ளே தெரபி' என்ற நூலில் எட்டு அடிப்படைகளைச் சொன்னார். குழந்தையை அது இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது, அதன் உணர்வை இனம்கண்டு அதற்கே திருப்பிச் சொல்வது, வழி நடத்தும் பொறுப்பைக் குழந்தையிடம் விடுவது, அவசரப்படுத்தாமல் இருப்பது, தேவையான எல்லையை மட்டும் வைப்பது என்று போகும் அந்தப் பட்டியல். இந்த வழி தவிர வேறு சிந்தனைப் பள்ளிகளும் உண்டு. எதைப் படித்தாலும் இந்த எட்டில் பாதிக்கு மேல் எங்கேயாவது வந்து நிற்கும். பட்டியலை ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதைக் குழந்தை எதிரில் செய்ய முடிகிறதா என்பதுதான் பேச்சு.

ஒரு மேற்பார்வை நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட ஆலோசகரின் அனுமதியோடு, குழந்தையின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் தன்னுடைய ஓர் அமர்வைப் பெற்றோரின் ஒப்புதலோடு வீடியோ எடுத்து வந்திருந்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஏழு வயதுப் பையன் சொப்புச் சாமான்களுக்கு நடுவில் கிடந்த ஒரு குட்டிப் பாட்டிலை எடுக்கிறான். வாளித் தண்ணீரில் முக்கி நிரப்புகிறான். ஒரு மரப்பாச்சியின் வாயில் வைத்துச் சாய்க்கிறான். பிறகு அந்தப் பொம்மையைத் தள்ளாட விட்டு, பொம்மை வீட்டின் கதவை அதன் தலையால் இடிக்கிறான். உள்ளே இருந்த சின்னப் பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைக்கிறான். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். அந்த இடத்தில் ஆலோசகரின் குரல் கேட்கிறது: "அப்பா வீட்ல குடிப்பாராப்பா?"

பையனின் கை நின்றுவிட்டது. பாட்டிலைக் கீழே வைத்தான். "மிஸ், கார் இருக்கா?" என்று எழுந்து போனான். மீதி நேரம் முழுக்கக் கார்களைச் சுவரோரமாக வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

வீடியோவை அங்கே நிறுத்தி, "அந்தக் கேள்விக்கு முந்தின நொடி உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பயமா இருந்துச்சு மேடம். சீக்கிரம் தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: அவர் சிறு வயதில் வளர்ந்த வீட்டிலும் இரவில் அப்படிக் கதவு இடிபடுமாம். அந்தக் கேள்வி யாருடைய தேவையிலிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் அந்த ஒரு நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட விட்டு, வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். "கதவு படபடன்னு இடிக்குது." "குட்டிக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடம் கிடைச்சிருச்சு." இவ்வளவு போதும். அப்பாவைப் பற்றிய பேச்சே வேண்டாம். குழந்தை அப்பா என்று சொல்லவில்லை, பொம்மை என்றுதான் காட்டியிருக்கிறது. வீட்டில் அடி உதை இருக்கிறதா, குழந்தைக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை அம்மாவிடம் தனியாக, நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அது விளையாட்டு அறைக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை.

சில வாரங்கள் கழித்துப் பையன் மறுபடியும் பாட்டிலை எடுத்தான். இந்த முறை ஆலோசகர், "கட்டிலுக்கு அடியில இருந்தா யாருக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார். "இல்ல மிஸ், தெரிஞ்சுரும். ஆனா பாட்டி வருவாங்க" என்று இன்னொரு பொம்மையைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிற்க வைத்தான். கேள்வியே கேட்காமல் அந்த வீட்டில் யார் அவனுக்குத் துணை என்பது வெளியே வந்துவிட்டது.

இந்த இடத்தை எந்தப் பயிலரங்கின் ஸ்லைடும் சொல்லித் தந்திருக்காது. அந்த ஆலோசகருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கேள்விகளைக் குறைக்க வேண்டும் என்று அவருடைய நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார். தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவில் அவருடைய பயம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் பார்த்தால் ஒழிய அந்தப் பயம் அவர் கண்ணுக்கே படாது. எல்லை வைப்பதும் இதே கதைதான். கேரி லேண்ட்ரெத் சொன்ன மூன்று படிகளைப் பயிலரங்கில் எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள்: உணர்வை ஒப்புக்கொள், எல்லையைச் சொல், மாற்று வழி காட்டு. "உனக்கு என் மேல கோபம் கோபமா வருது. என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை எவ்வளவு வேணா அடிக்கலாம்." காகிதத்தில் அழகாக இருக்கிறது. நிஜமாகவே ஒரு கைப்பிடி மணல் உங்கள் முகத்தில் வந்து விழும்போது, "டேய், அடி வாங்கப் போறே" என்று நாம் வளர்ந்த வீட்டின் குரல்தான் முதலில் வாய்க்கு வரும். அந்தக் குரலை மாற்ற மாதங்கள் ஆகும், யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே விளம்பரங்களில் அந்தப் பெயர்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. அமெரிக்காவில் சார்லஸ் ஷேஃபரும் கெவின் ஓ'கானரும் 1982-இல் தொடங்கிய விளையாட்டுச் சிகிச்சைச் சங்கம் 'பதிவு பெற்ற விளையாட்டுச் சிகிச்சையாளர்' என்ற தகுதியை வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிக்கவே மனநலத் துறையில் முதுகலைப் பட்டமும் மாநில அரசின் தொழில் உரிமமும் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 150 மணி நேரப் பாடம், குழந்தைகளோடு 350 மணி நேர நேரடி வேலை, அந்த வேலைக்கு 35 மணி நேர மேற்பார்வை. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறையில் குழந்தையோடு இருக்கிற நேரம் வகுப்பு நேரத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ பத்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் அனுபவஸ்தர் ஒருவரோடு உட்கார்ந்து அலச வேண்டும். பிரிட்டனில் ஓவியம், இசை, நாடகம் வழிச் சிகிச்சையாளர்களின் பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, 'ப்ளே தெரபிஸ்ட்' என்ற பெயருக்கு அது கிடையாது. நம்மைப் போன்ற நிலைமைதான். இருந்தும் அங்கே தொழில் செய்பவர்களே சங்கம் வைத்து, பதிவேடு நடத்தி, பயிற்சி பெறுபவர்கள் தாங்களும் சிகிச்சைக்குப் போக வேண்டும், மேற்பார்வையைப் பணிக்காலம் முழுக்க விடக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டார்கள். சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பட்டம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் துறையை உருவாக்கியவர்களில் மெலனி க்ளைனிடம் பல்கலைக்கழகப் பட்டமே இல்லை. அன்னா ஃப்ராய்டு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். குழந்தையோடு நடந்த ஒவ்வொன்றையும் எழுதி, சகாக்கள் முன் வைத்து, கடுமையான விவாதத்துக்கு உட்படுத்துகிற பழக்கம் அந்த வட்டத்தில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு காரசாரமாக எதிர்த்தார்கள் என்பது ஊரறிந்தது. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று குழந்தை வளர்ச்சியும் மனநோய்க் குறிகளும் தெரியாமல் அறைக்குள் போவது ஆபத்து. பட்டம் செய்ய முடியாத வேலையும் ஒன்று உண்டு என்கிறேன்.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு. சூ பிராட்டனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் விளையாட்டுச் சிகிச்சையின் விளைவு அளவு 0.80 என்று வந்தது; கணிசமான பலன். அதைவிட என் கண்ணில் பட்டது இன்னொரு எண். சிகிச்சை நிபுணர்கள் நேரடியாகச் செய்த இடங்களில் 0.72, பயிற்சி தரப்பட்ட பெற்றோர் தங்கள் குழந்தைகளோடு செய்த இடங்களில் 1.15. பத்து ஆண்டுகள் கழித்து, குழந்தை மையச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னும் கறாராகச் செய்த தொகுப்பாய்வில் 0.47 என்று மிதமான அளவு வந்தது. ஆகவே முதல் எண்ணைத் தூக்கிக்கொண்டு கொண்டாட வேண்டாம். ஆனால் பெற்றோர் விஷயத்தைக் கவனியுங்கள். பெர்னார்டு கெர்னியும் லூயிஸ் கெர்னியும் 1960-களில் தொடங்கிய அந்த முறையில் அம்மாவோ அப்பாவோ வாரத்தில் அரை மணி நேரம் குழந்தையோடு விளையாடிவிட்டு, அதைக் குழுவில் கொண்டுவந்து வைத்து, பயிற்சியாளரிடம் திருத்தம் வாங்கிக்கொண்டு போவார்கள். பட்டமில்லாத தாயால் அவ்வளவு செய்ய முடிந்ததற்குக் குழந்தைக்கும் அவருக்கும் உள்ள உறவு ஒரு காரணம். வாராவாரம் ஒருவர் பார்த்துத் திருத்தியது இன்னொரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தாய்க்குக் கிடைத்த அளவு கவனிப்பு கிடைத்திருக்கிறது?

மேற்பார்வை இல்லாத வேலை எங்கே உடையும் என்றால், பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை வரும்போது உடையும். 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி விஷயம் தெரியவந்த எவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆலோசகர் என்பதற்காக விலக்குக் கிடையாது. இன்னொரு பக்கம், குழந்தை இரண்டு பொம்மைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டதை வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. பதற்றத்தில், "யார் பண்ணாங்க? மாமாவா? இங்க தொட்டாங்களா?" என்று அடுக்கடுக்காகக் கேட்டால், பதிலைக் குழந்தையின் வாயில் நாமே வைத்தவர்களாகிறோம். பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும், குழந்தையின் உண்மையான வாக்குமூலமும் சேர்ந்து அடிபடும். எப்போது கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எந்த நொடியில் சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சட்டக் கடமைக்கு மாறுவது, ரகசியம் காப்பேன் என்று முதல் நாளே குழந்தையிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பவை ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசி ஸ்லைடில் முடிகிற விஷயங்கள் அல்ல. அன்று மாலையே போன் போட்டுப் பேச மூத்தவர் ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? இல்லையென்றால், அப்படிப்பட்ட குழந்தையை ஏற்காமல் உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதே நேர்மை.

மேற்பார்வை தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்ல பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன, அதில் குற்றமில்லை. ஆனால் உங்கள் அறையில் குழந்தை மதுரைத் தமிழில் திட்டும், திருநெல்வேலித் தமிழில் கெஞ்சும். அதற்கு நீங்கள் சொன்ன பதில் இதமாக இருந்ததா, புத்தகத்தை ஒப்பித்தது போல இருந்ததா என்பதை மொழி தெரியாத மேற்பார்வையாளரால் எப்படிச் சொல்ல முடியும்? அலமாரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொம்மைப் பெட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். சொப்பு, அடுப்பு, முறம், ஆட்டோ, போலீஸ் ஜீப், ரேஷன் பை, சாமி படம், டீச்சர் விளையாட்டுக்கு ஒரு ஸ்கேல், ஒரு சின்ன கரும்பலகை என்று வைத்துப் பாருங்கள். குழந்தை தன் வீட்டையும் தெருவையும் அங்கே கண்டுபிடித்துவிடும்.

வெளியிலிருந்து சான்றிதழ் வராமலேயே பயிற்சியை ஒழுங்காகக் கட்டி எழுப்ப முடியும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996-இல் மட்டக்களப்பில் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாக வந்து மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விளையாடினார்கள். அவர்களோடு இருந்தவர்கள் இரு சமூகங்களையும் சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள். அதை விளையாட்டுச் சிகிச்சை என்று யாரும் பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. உள்ளூர் ஆட்களை உள்ளூர் மொழியில், வேலையின் ஊடாகவே வளர்த்தெடுத்தார்கள் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆகவே, சேரப் போகிறவர்களே, பணம் கட்டுமுன் கேளுங்கள். என் அமர்வை வீடியோவில் பார்ப்பீர்களா, நான் சொல்வதை மட்டும் கேட்பீர்களா? மேற்பார்வையாளர் இப்போதும் குழந்தைகளோடு வேலை செய்கிறவரா? தகுதி இல்லை என்று இதுவரை யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேராதீர்கள்; சேர்ந்த எல்லோருக்கும் தருகிற சான்று எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டவர்களே, உங்கள் ஊரிலேயே நான்கு பேர் சேருங்கள். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, குழந்தையிடமும் அதற்குப் புரிகிற மாதிரி கேட்டு, ஒருவர் அமர்வை மற்றவர்கள் பாருங்கள். பார்த்து முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் போர்டில் 'மனநல ஆலோசகர், விளையாட்டுச் சிகிச்சையில் மேற்பார்வையின்கீழ் பயிற்சி பெறுகிறார்' என்று எழுதுங்கள். பெற்றோர் இதைப் படித்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். யார் மேற்பார்வை என்று கேட்பார்கள், பெயரைச் சொல்லுங்கள்.

இந்தத் துறையில் பல காலம் உழைத்த மூத்தவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக இன்னொரு பயிலரங்கு தொடங்க வேண்டாம். அந்த இரண்டு நாளை எடுத்து, வாரம் ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொடுங்கள். மாவட்டத் தலைநகரில் தனியாக வேலை செய்துகொண்டிருக்கிற ஓர் ஆலோசகரைத் தேர்ந்தெடுங்கள். நேரில் முடியாவிட்டால் காணொளியில். கட்டணம் அவர் சம்பளத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் அவரிடம் குழந்தைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக ஆலோசகர்